கல்லூரியில் சேரப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி முடித்து முதல் முறையாகக் கல்லூரிக்குள் நுழைகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்கும் கேள்விகள் இவை. எந்தப் படிப்பை எடுப்பது என்ற பேச்சு இங்கே இல்லை. இடம் கிடைத்துவிட்டது, இனி என்ன செய்வது என்பதிலிருந்து தொடங்குகிறோம்.

பள்ளியில் நன்றாகப் படித்தவர்கள்கூட முதல் செமஸ்டரில் சறுக்குகிறார்களே, ஏன்?

பாடம் கடினமாவது ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், கணக்கு வைத்துக்கொள்ளும் ஆள் மாறிவிடுவது. பள்ளியில் வீட்டுப்பாடம் செய்தாயா என்று மறுநாள் காலையே கேட்டுவிடுவார்கள். வாரத் தேர்வு, மாதத் தேர்வு என்று எங்கே பின்தங்கியிருக்கிறோம் என்பது பத்து நாளுக்குள் தெரிந்துவிடும். கல்லூரியில் ஒரு செமஸ்டர் ஏறக்குறைய 15 வாரம். முதல் இன்டர்னல் தேர்வு, அதாவது கல்லூரிக்குள்ளேயே நடக்கும் இடைத்தேர்வு, பெரும்பாலும் ஐந்தாவது அல்லது ஆறாவது வாரத்தில் வரும். விடைத்தாள் கைக்கு வர இன்னும் ஓரிரு வாரம் ஆகும். நாம் படிக்கும் முறை சரியில்லை என்று தெரிய வருவதற்குள் செமஸ்டர் பாதி ஓடியிருக்கும்.

முதல் இரண்டு மூன்று வாரம் லேசாக இருப்பதும் ஒரு பொறிதான். பள்ளியில் படித்ததையே மறுபடி நடத்துகிறார்கள் என்று தோன்றும். நான்காவது வாரத்தில் வேகம் கூடுவதைப் பலர் கவனிப்பதே இல்லை. கீழே சொல்வதில் பெரும்பகுதி, அந்தக் கணக்கை உங்கள் கைக்கு எப்படி எடுத்துக்கொள்வது என்பதைப் பற்றியதுதான்.

சேர்வதற்கு முன் இருக்கும் விடுமுறையில் முதல் செமஸ்டர் பாடத்தைப் படித்துவிடலாமா?

வேண்டாம். எந்தப் புத்தகம், எந்த வரிசை என்பது தெரியாமல் படிப்பதில் பாதி வீணாகும். அந்த நேரத்தைப் பழைய அடித்தளத்துக்குக் கொடுங்கள். கணிதம் சார்ந்த படிப்பு என்றால் பின்னங்கள், அடுக்குக்குறி விதிகள், மடக்கை, முக்கோணவியல், அடிப்படை வகையிடலும் தொகையிடலும் ஆகிய இவற்றிலிருந்து 20 கணக்குகளை எடுத்து, புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு 60 நிமிடத்தில் போட்டுப் பாருங்கள். 15-க்குக் கீழே என்றால் வேலை இருக்கிறது. வகைக்கெழுச் சமன்பாட்டில் திணறுகிறவர்களின் தாளைப் பார்த்தால், பாதிப் பேர் தடுக்கி விழுந்த இடம் இயற்கணிதமாகவே இருக்கும்.

மற்ற படிப்புகளுக்கு: வாரம் ஒரு நீண்ட கட்டுரையைப் படித்து, அதன் வாதம் என்ன, ஆசிரியர் எதைச் சான்றாகக் காட்டுகிறார் என்று ஒரு பக்கம் எழுதிப் பழகுங்கள். இரண்டு கையாலும் தட்டச்சு செய்யத் தெரியாதவர்கள் தினம் 20 நிமிடம் ஒதுக்கினால் ஒரு மாதத்தில் விசைப்பலகையைப் பார்க்காமல் அடிக்க வந்துவிடும். அது நாலு வருடத்துக்கும் உதவும்.

நான் பள்ளியில் படித்த மொழி வேறு, கல்லூரியில் பாடம் நடக்கப்போகும் மொழி வேறு. எப்படிச் சமாளிப்பது?

பயப்படுகிற அளவுக்கு இது மொழிப் பிரச்சினை இல்லை, சொற்களின் பிரச்சினை. ஒரு பாடத்தில் ஒரு வாரத்துக்குப் புதிதாக வரும் கலைச்சொற்கள் 15 முதல் 20 வரைதான் இருக்கும். அதற்கென்று தனி நோட்டு வையுங்கள். ஒரு பக்கத்தில் கலைச்சொல், அடுத்து உங்கள் மொழியில் அதற்கான சொல், அடுத்து ஒரு வரி விளக்கம், கடைசியில் அந்தச் சொல் வரும் ஒரு முழு வாக்கியம். அகராதிப் பொருளை மட்டும் எழுதி வைத்தால் தேர்வில் வாக்கியம் வராது. அதனால்தான் அந்த நான்காவது பகுதி.

வரப்போகும் பாடத்தை முந்தின நாள் உங்கள் மொழியில் பத்து நிமிடம் படித்துவிட்டுப் போனால், வகுப்பில் காதுக்கு வரும் சொற்கள் ஏற்கெனவே தெரிந்த கருத்தின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். வகுப்பில் புரியாத வார்த்தையை ஒலிப்படியே நம் எழுத்தில் குறித்துக்கொண்டு மாலையில் தேடுங்கள். அங்கேயே அகராதியைப் புரட்டினால் அடுத்த மூன்று வாக்கியம் போய்விடும்.

வினாத்தாளில் வரும் கட்டளைச் சொற்களைத் தனியாகப் பழக வேண்டும். வரையறு, விளக்கு, ஒப்பிடு, வருவி, நியாயப்படுத்து என்பவை வேறு வேறு வேலைகள். ஒப்பிடு என்று கேட்ட இடத்தில் இரண்டையும் தனித்தனியாக விளக்கிவிட்டு வந்தால் விஷயம் முழுவதும் சரியாக இருந்தும் மதிப்பெண் பாதிதான் வரும். பழைய வினாத்தாள் ஐந்தை எடுத்து இந்தச் சொற்களை மட்டும் அடிக்கோடிட்டுப் பாருங்கள். திரும்பத் திரும்ப வருபவை பத்துப் பன்னிரண்டுதான்.

கிரெடிட், சி.ஜி.பி.ஏ. என்று சொல்கிறார்களே, அது எப்படிக் கணக்கிடப்படுகிறது?

ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் எடை உண்டு. அதுதான் கிரெடிட். பாடத்தில் வாங்கிய கிரேடு புள்ளியை அந்த எடையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டும். ஒரு செமஸ்டருக்கு இப்படி வருவது அந்தச் செமஸ்டரின் சராசரி. எல்லாச் செமஸ்டரையும் சேர்த்து வருவதுதான் சி.ஜி.பி.ஏ.

நான்கு பாடங்கள் என்று வைத்துக்கொள்வோம். 4 கிரெடிட் பாடத்தில் 8 புள்ளி, 3 கிரெடிட் பாடங்கள் இரண்டில் 9-உம் 6-உம், 2 கிரெடிட் பாடத்தில் 10. பெருக்கினால் 32, 27, 18, 20. கூட்டினால் 97. மொத்தக் கிரெடிட் 12. சராசரி 8.08. 4 கிரெடிட் பாடத்தில் ஒரு புள்ளி கூடியிருந்தால் 8.42 ஆகியிருக்கும். 2 கிரெடிட் பாடத்தில் ஒரு புள்ளி குறைந்திருந்தாலும் 7.92-தான். பிடித்த பாடத்துக்கே நேரத்தையெல்லாம் கொடுக்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்ப்பது நல்லது.

முதல் செமஸ்டர் போனால் போகட்டும், பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்பார்கள். கணக்குக்காகப் படிப்பு நான்கு செமஸ்டர், எல்லாவற்றுக்கும் கிரெடிட் சமம் என்று கொள்ளுங்கள். மொத்தம் 7.5 வேண்டும். முதலில் 6 எடுத்தால் மீதி மூன்றிலும் சராசரி 8 வேண்டும். இரண்டு செமஸ்டர் 6-இலேயே நின்றால் மீதி இரண்டிலும் 9 வேண்டும். 8 எட்டக்கூடியது. 9 எல்லோருக்கும் கைவராது.

ஒரு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் படிக்க வேண்டும்?

கிரெடிட் என்ற ஏற்பாட்டிலேயே இதற்கு விடை இருக்கிறது. பல பல்கலைக்கழகங்கள் ஒரு மணி நேர வகுப்புக்கு வெளியே இரண்டு மணி நேரம் படிப்பதாக வைத்துத்தான் பாடத்தை அமைக்கின்றன. ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஓர் ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒவ்வொன்றுக்கும் வகுப்பும் சொந்தப் படிப்பும் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஆண்டுக்கு 1500 முதல் 1800 மணி நேரம் ஆகிறது. ஒரு முழுநேர வேலைக்குச் சமம்.

வகுப்பு நேரம் அதிகமுள்ள இடங்களில் இரண்டு மடங்கு சாத்தியப்படாது. வகுப்பில் இருக்கும் அளவு நேரமாவது வெளியே படிப்பது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வாரத்தில் 168 மணி நேரம். தூக்கம் 56, குளியல், சாப்பாடு, துணி எல்லாம் சேர்த்து 21, போக்குவரத்து 12, வகுப்பு 25. மீதி 54. படிப்புக்கு 25 எடுத்தாலும் 29 மணி நேரம் கையில் இருக்கிறது. நேரமே இல்லை என்று தோன்றினால் ஒரே ஒரு வாரம், அரை மணி நேரத்துக்கு ஒரு கட்டம் போட்டு என்ன செய்தோம் என்று எழுதிப் பாருங்கள். அந்த 29 எங்கே போகிறது என்பது மூன்றாம் நாளே தெரிந்துவிடும். பெரும்பாலும் ஃபோன்தான், அடுத்த இடம், இரண்டு வகுப்புகளுக்கு நடுவே விழும் ஒரு மணி நேர இடைவெளிகள். அந்த இடைவெளிக்கு முந்தைய நாளே ஒரு வேலையை ஒதுக்கி வைக்காவிட்டால் அது பேச்சிலேயே கரைந்துவிடும்.

முதல் வாரத்தில் செய்தே ஆக வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு. எல்லாப் பாடத்தின் பாடத்திட்டத் தாள்களையும் ஒரே மேசையில் பரப்பி, ஒரே காலண்டரில் ஏற்றுவது. இரண்டு மணி நேர வேலை. தேர்வு, அசைன்மென்ட், லேப் ரெக்கார்டு, செமினார் எல்லாத் தேதியும் ஒரே இடத்தில் வர வேண்டும். பக்கத்தில் அது மொத்த மதிப்பெண்ணில் எத்தனை சதவீதம் என்பதும். எல்லாம் ஏற்றி முடித்ததும் ஏழாவது எட்டாவது வாரத்தில் நான்கைந்து வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவது கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு ஆசிரியரும் தன் பாடத்தை மட்டும் பார்த்துத் தேதி போடுகிறார். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் ஆள் நீங்கள் ஒருவர்தான்.

பிறகு பெரிய வேலைகளுக்குப் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். பத்துப் பக்க அசைன்மென்ட் ஒன்றை 14-ஆம் நாள் கொடுக்க வேண்டும் என்றால், 13-ஆம் நாள் அச்சும் சரிபார்ப்பும், 11, 12 திருத்தம், 7 முதல் 10 வரை எழுதுவது, 3 முதல் 6 வரை படித்துக் குறிப்பு எடுப்பது, முதல் இரண்டு நாள் தலைப்பைச் சுருக்கி ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது. ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தை மனிதர்கள் குறைத்தே மதிப்பிடுவார்கள் என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எழுதி, அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். முன்பு தாமதமானது நன்றாக நினைவிருந்தும் இந்த முறை அப்படி ஆகாது என்று நம்புவதுதான் இதில் வேடிக்கை. உங்கள் மனம் சொல்லும் நேரத்தை ஒன்றரையால் பெருக்கி எழுதிக்கொள்ளுங்கள்.

வகுப்பில் குறிப்பு எடுப்பது எப்படி? ஸ்லைடு எல்லாம் கொடுத்துவிடுகிறார்களே?

ஸ்லைடில் தலைப்புகள் இருக்கும். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு எப்படிப் போனோம் என்பது இருக்காது. அதை வாய்மொழியாகத்தான் சொல்வார்கள். குறிப்பில் வர வேண்டியது அதுதான்.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் என்ற பேராசிரியர் 1950-களில் உருவாக்கிய முறை இன்றும் வேலை செய்கிறது. பக்கத்தின் இடது பக்கம் இரண்டரை அங்குலம் விட்டு மேலிருந்து கீழே ஒரு கோடு. அடியில் இரண்டு அங்குலம் விட்டுக் குறுக்கே ஒரு கோடு. வலது பக்கத்துப் பெரிய பகுதியில் வகுப்புக் குறிப்பு. அன்று மாலை, இடப்பக்கத்தில் அந்தக் குறிப்பு எந்தக் கேள்விக்கு விடையோ அந்தக் கேள்வியை எழுத வேண்டும். அடியில் முழுப் பக்கத்தின் சாரம் இரண்டு வரியில். தேர்வு நெருங்கும்போது வலப்பக்கத்தை ஒரு தாளால் மூடிக்கொண்டு இடப்பக்கக் கேள்விகளுக்கு விடை சொல்லிப் பார்க்கலாம்.

பெரும்பாலோர் கோடு போடுவார்கள், குறிப்பும் எடுப்பார்கள். மாலையில் இடப்பக்கத்தை நிரப்ப மாட்டார்கள். அதை விட்டால் இது வெறும் கோடு போட்ட நோட்டு. மடிக்கணினியா பேனாவா என்றால், வேகமாகத் தட்டச்சு செய்கிறவர்கள் கேட்டதை அப்படியே இறக்கிவிடுவார்கள். சுருக்குவதற்காக யோசிக்கும் அந்த ஒரு நொடி அங்கே நடக்காது. அதைத் தவிர்க்க முடிந்தால் எது வேண்டுமானாலும் சரி.

படிக்கும்போது புரிகிறது, தேர்வில் வரவில்லை. என்ன தப்பு?

திரும்பத் திரும்ப வாசிப்பதைப் படிப்பு என்று நினைப்பதுதான் தப்பு. மூன்றாம் முறை வாசிக்கும்போது வரிகள் பழகிவிடும். அந்தப் பழக்கம் தெரிந்த மாதிரி ஓர் உணர்வைக் கொடுக்கும். தேர்வில் அந்த வரிகள் கண்முன் இருக்காது.

ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், மாணவர்கள் ஒரு பகுதியை ஒரு முறை படித்தார்கள். பிறகு சிலரை மறுபடி படிக்கச் சொன்னார்கள். மற்றவர்களைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். நினைவிலிருந்து எழுதியவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, மறுபடி படித்தவர்களுக்கு 42. முந்தின ராத்திரிப் படிப்பு காலையில் கைகொடுக்கிற மாதிரி இருந்து, செமஸ்டர் தேர்வில் கைவிடுவது இதனால்தான்.

மறதியின் வேகம் 1885-லேயே அளக்கப்பட்டுவிட்டது. ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, அவற்றை மறுபடி கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று பார்த்தார். ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது, ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு. பொருளுள்ள பாடம் இவ்வளவு வேகமாகப் போகாது. ஆனால் முதல் நாளில்தான் அதிகம் இழக்கிறோம் என்பது பாடத்துக்கும் பொருந்தும். ஆகவே முதல் திருப்புதல் அன்று மாலையே, பத்து நிமிடம். அடுத்தது மூன்றாம் நாள், பிறகு பத்தாம் நாள், பிறகு ஒரு மாதத்தில். ஒவ்வொரு முறையும் வெற்றுத் தாளில் தெரிந்ததை எழுதிவிட்டு, பிறகுதான் நோட்டைத் திறக்க வேண்டும். முதலில் எழுத வராமல் எரிச்சலாக இருக்கும். அந்த முயற்சியில்தான் பாடம் பதிகிறது. அதற்குப் பயந்து நோட்டைத் திறந்துவிடாதீர்கள்.

கணக்குப் பாடத்துக்கு ஒரு கூடுதல் யோசனை. ஒரே வகைக் கணக்கு இருபதை வரிசையாகப் போடாமல், நான்கு வகைகளைக் கலந்து போடுங்கள். வரிசையாகப் போட்டால் எந்த முறை என்று யோசிக்கவே வேண்டியதில்லை. தேர்வில் முதல் வேலையே அதுதான்.

நிறம் பூசிக் கோடிடுவதால் கெடுதல் ஒன்றும் இல்லை. அதை மட்டும் செய்துவிட்டு எழுந்திருக்கக் கூடாது.

வருகைப்பதிவு 75 சதவீதம் போதும் என்றால், மீதி 25 சதவீதத்தை எடுத்துக்கொள்ளலாம்தானே?

குறைந்தபட்ச அளவு கல்லூரிக்குக் கல்லூரி மாறும். 75 என்றே வைத்துக்கொண்டு கணக்கைப் பாருங்கள். 20 வகுப்பு முடிந்தபோது 8-க்குப் போகவில்லை, இப்போது 60 சதவீதம். 75-ஐ எட்ட இன்னும் எத்தனை வகுப்பு? மூன்றோ நான்கோ என்று தோன்றும். தொடர்ந்து 12 வகுப்பு, ஒன்றுகூட விடாமல். நடுவில் காய்ச்சல் வந்தால் தீர்ந்தது. விடுப்பு என்பது காய்ச்சலுக்கும் வீட்டு அவசரத்துக்கும் வைத்திருக்கும் சேமிப்பு. செமஸ்டர் தொடக்கத்தில் செலவழித்தால் கடைசியில் இருக்காது. லேப் வகுப்பை விட்டால் பல இடங்களில் திரும்பச் செய்யும் வாய்ப்பே கிடையாது.

பேராசிரியரிடம் சந்தேகம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது.

வகுப்பு முடிந்ததும் வாசலில் வைத்துக் கேட்டால் ஒரு நிமிடம் கிடைக்கும். மாணவர்களைச் சந்திக்க அவர் ஒதுக்கியிருக்கும் நேரத்தில் போனால் பதினைந்து நிமிடம் கிடைக்கும். அந்த நேரத்தில் யாரும் வராமல் பல அறைகள் காலியாகத்தான் இருக்கின்றன. ஒன்றுமே புரியவில்லை என்று ஆரம்பித்தால் அவராலும் உதவ முடியாது. நீங்கள் போட்ட கணக்கை எடுத்துப் போய், மூன்றாவது படி வரை வந்தேன், நான்காவதில் இந்தக் குறி ஏன் மாறுகிறது என்று கேளுங்கள்.

மின்னஞ்சல் என்றால் தலைப்பு வரியில் பாடத்தின் பெயரும் விஷயமும் இருக்கட்டும். இப்படி எழுதலாம்:

மதிப்பிற்குரிய பேராசிரியருக்கு வணக்கம். நான் முதலாம் ஆண்டு, ஆ பிரிவு, வரிசை எண் 27. இரண்டாவது அசைன்மென்ட்டின் நான்காவது கேள்வியில் காற்றின் தடையைக் கணக்கில் எடுக்க வேண்டுமா என்று தெளிவாகவில்லை. எடுக்க வேண்டாம் என்று கொண்டு ஒரு முறை செய்து பார்த்தேன், தாளை இணைத்திருக்கிறேன். வியாழக்கிழமை உங்களைச் சந்திக்கும் நேரத்தில் வரலாமா? நன்றி.

யார், எது, என்ன முயன்றீர்கள், என்ன வேண்டும் என்ற நான்கும் இருக்கிறது. நீளமாக எழுதினால் பதில் தாமதமாகும். கடைசித் தேதிக்கு முந்தின இரவு எழுதினால் பதிலே வராது.

ஏ.ஐ. கருவிகளை வைத்து அசைன்மென்ட் செய்யலாமா?

பாடத்துக்குப் பாடம் விதி மாறும். ஒருவர் அனுமதிப்பார், அடுத்த அறையில் இருப்பவர் அதையே காப்பி என்பார். எழுதத் தொடங்கும் முன் கேட்டு, பதிலை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி இருந்தாலும் அது கொடுக்கும் மேற்கோள் நூல்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்க வேண்டும். இல்லாத புத்தகத்தை ஆசிரியர் பெயர், பக்க எண் சகிதம் நம்பும்படி சொல்லும். உங்கள் வரைவுகளைத் தேதிவாரியாகச் சேமித்து வையுங்கள். நீங்களே எழுதியதைச் சந்தேகப்பட்டால் காட்டுவதற்கு அதுதான் ஆதாரம்.

திருட்டு எண்ணமே இல்லாமல் மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. குறிப்பு எடுக்கும்போது புத்தகத்து வரியை அப்படியே எழுதிவிட்டு, இரண்டு வாரம் கழித்து அது தன் வாக்கியம் என்று நினைத்துவிடுவார்கள். எடுத்த வரிகளை வேறு நிற மையில், பக்க எண்ணோடு எழுதினால் இந்தக் குழப்பம் வராது.

இரவு முழுக்கக் கண் விழித்துப் படிப்பது உதவுமா?

இல்லை. டாசன், ரீட் என்ற இருவர் 1997-இல் செய்த ஆய்வில், 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவர்களின் செயல்திறன் இரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவர்களின் அளவுக்கு இறங்கியது. 24 மணி நேரத்தில் அது 0.10 சதவீதத்துக்குச் சமமானது. அந்த நிலையில் யாரும் தேர்வு எழுதப் போக மாட்டார்கள். காபி குடித்தால் சரியாகும் என்றும் இல்லை. உடலில் காஃபீன் பாதியாகக் குறையச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக் காபியில் பாதி இரவு 11 மணிக்கும் இரத்தத்தில் இருக்கும். எழுந்திருக்கும் நேரத்தை, விடுமுறை நாள் உட்பட, ஒரு மணி நேரத்துக்கு மேல் மாற்றாமல் வைத்துக்கொண்டால் படுக்கும் நேரம் தானாக ஒழுங்குக்கு வரும்.

ஹாஸ்டலில் அறைத்தோழர் எப்படி அமைவாரோ என்று கவலை.

நல்லவர், கெட்டவர் என்பதைவிட விளக்கு எப்போது அணையும் என்பதில்தான் சண்டை வரும். முதல் மூன்று நாளுக்குள், கோபம் எதுவும் வருவதற்கு முன்பே, ஐந்து விஷயம் பேசிவிடுங்கள்: விளக்கு அணைக்கும் நேரம், ஃபோனில் பேசுவது அறைக்குள்ளா வெளியிலா, விருந்தாளிகள், எந்தப் பொருளைக் கேட்காமல் எடுக்கலாம், யார் எப்போது பெருக்குவது. பத்து நிமிடப் பேச்சு. இரண்டு மாதம் கழித்து இதே பேச்சை எடுத்தால் குற்றச்சாட்டாகத்தான் கேட்கும்.

பையில் வைக்க மறப்பவை: மூக்குக்கண்ணாடி பவர் எழுதிய சீட்டு, வழக்கமான மருந்து ஒரு மாதத்துக்கு, ஒவ்வாமை இருந்தால் அதை எழுதிய தாள், அசல் சான்றிதழ்களின் நகல் மூன்று செட், புகைப்படங்கள். சான்றிதழ்களை ஸ்கேன் செய்து, வீட்டில் ஒரு பிரதியும் இணையத்தில் ஒரு பிரதியும் வையுங்கள். துணி துவைக்கவும் பட்டன் தைக்கவும் கிளம்பும் முன்பே பழகிவிடுவது நல்லது.

மாதப் பணம் இருபதாம் தேதிக்குள் தீர்ந்துவிடும் என்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

மாதமாக வாங்கினாலும் வாரமாகப் பிரியுங்கள். பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்து, மீதியை நான்காக்கி, அந்த வாரப் பங்கை மட்டும் செலவுக் கணக்கில் வையுங்கள். முதல் மாதம் எப்படியும் அதிகமாகும். வாளி, பூட்டு, நோட்டு என்று ஒரு முறைச் செலவுகள் வரும். அதை வைத்து மற்ற மாதங்களைக் கணக்கிட வேண்டாம். உதவித்தொகை வாங்குகிறவர்கள், அது அடுத்த ஆண்டும் தொடர எத்தனை மதிப்பெண், எந்தத் தேதிக்குள் புதுப்பிப்பு என்பதைக் காலண்டரில் ஏற்றிவிடுங்கள். உதவித்தொகை வாங்கித் தருகிறேன், முதலில் கட்டணம் கட்டு, ஓ.டி.பி. சொல் என்று யார் கேட்டாலும் அது மோசடி.

யாரையும் தெரியாத இடம். நண்பர்கள் கிடைப்பார்களா?

கிடைப்பார்கள், ஆனால் முதல் வாரத்தில் இல்லை. அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரமும், நண்பர் என்று சொல்ல 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்று ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. வகுப்பில் பக்கத்தில் உட்காரும் நேரம் இதில் அதிகம் சேராது. வாரம் ஒரே நாள், ஒரே நேரம் கூடும் ஒரு குழுவில் சேருங்கள். விளையாட்டோ நாடகமோ படிப்புக் குழுவோ, எதுவானாலும் சரி. கேட்காமலே அந்த மணி நேரங்கள் சேரும். எல்லோரும் அதற்குள் கூட்டாளி பிடித்துவிட்டார்கள், நாம் மட்டும் தனி என்று தோன்றும்போது, அதே நினைப்போடு சிரித்துக்கொண்டிருப்பவர்கள் அந்தக் கூட்டத்திலேயே பலர் இருப்பார்கள்.

வீட்டு நினைவில் அழுகை வருவது இயல்பு. வாரங்கள் போகப் போகக் குறையும். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் கல்லூரி ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள். உயிரை விடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் அன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது.

நாங்கள் பெற்றோர். எங்கள் பிள்ளைக்கு எந்த அளவு உதவலாம்?

தினம் பலமுறை கூப்பிடுவதைவிட, இருவருக்கும் தோதான நேரத்தை முடிவு செய்து பேசுங்கள். எத்தனை மார்க் என்பதை விட்டு, இந்த வாரம் யாரிடம் சந்தேகம் கேட்டாய், அடுத்த வாரம் என்ன கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் கவலை வேண்டாம். எல்லாம் நல்லாத்தான் போகுது என்ற ஒரே பதில் மூன்று வாரம் தொடர்ந்தால் நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. கல்லூரி அலுவலகத்தில் படிவம் நிரப்புவது, வரிசையில் நிற்பது, தப்பான கட்டண ரசீதைத் திருத்துவது இவற்றைப் பிள்ளையே செய்யட்டும். இரண்டு முறை அலைந்தால் மூன்றாம் முறை எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று தெரிந்துவிடும். பாதுகாப்பு, உடல்நலம் சம்பந்தப்பட்டது என்றால் மட்டும் தயங்காமல் நீங்களே இறங்குங்கள்.

முதல் இன்டர்னலில் மதிப்பெண் மோசம். படிப்பையே மாற்றிக்கொள்ளலாமா?

முதலில் விடைத்தாளை வாங்குங்கள். இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்: தெரியவே தெரியாது, தெரிந்தும் நினைவுக்கு வரவில்லை, கேள்வியைத் தப்பாகப் படித்தேன், நேரம் போதவில்லை. முதல் வகை அதிகம் என்றால் வகுப்பும் புத்தகமும்தான் மருந்து. இரண்டாவது வகைக்கு மேலே சொன்ன வெற்றுத் தாள் பயிற்சி. மூன்றாவதற்குக் கட்டளைச் சொற்கள். நான்காவதற்குப் பழைய வினாத்தாளைக் கடிகாரம் வைத்து எழுதுவது. மொத்த நேரத்தை மொத்த மதிப்பெண்ணால் வகுத்தால் ஒரு மதிப்பெண்ணுக்கு எத்தனை நிமிடம் என்று கிடைக்கும். 180 நிமிடம், 100 மதிப்பெண் என்றால் 10 மதிப்பெண் கேள்விக்கு 18 நிமிடம். 30 நிமிடம் எடுத்துக்கொண்டால் கடைசிக் கேள்வி அம்போ.

மாற்றுவது பற்றி: மதிப்பெண் குறைந்த பாடம் பிடிக்காத பாடமாகத் தோன்றுவது சகஜம். அதனால் தேர்வு முடிவு வந்த வாரத்தில் முடிவெடுக்க வேண்டாம். மேல் ஆண்டு மாணவர்களிடம் மூன்றாம் ஆண்டுப் பாடப் புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். அதில் ஒரு அத்தியாயமாவது இழுக்கிறதா? முதல் ஆண்டுப் பாடங்கள் பல துறைகளுக்குப் பொதுவானவை; அவற்றை வைத்துத் துறையை எடைபோட முடியாது. இருந்தும் மாற வேண்டும் என்றால், பாடத்தை விடுவதற்கும் துறை மாறுவதற்கும் கடைசித் தேதிகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் கட்டண விதியும் உண்டு. அந்தத் தேதிகளையும் முதல் வாரத்திலேயே காலண்டரில் எழுதி வையுங்கள், இப்போது தேவைப்படாவிட்டாலும்.